கோழிக் கழிச்சலும் எண்ணெய்த் தடுப்பு மருந்தும்

(மல்லாங்கிணறு வட்டார விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதியது)

விருதுநகர் ஜில்லாவில் கரிசல் நிலத்தை நம்பிய குடித்தனங்களுக்கு மழை ஒன்றே முதல். பருத்தியும் மல்லியும் குதிரைவாலியும் மழை பொய்த்த வருஷத்தில் வித்துக்கும் மீளா. அத்தகைய காலத்தில் குடும்பத்தின் கைச்செலவைத் தாங்குவன ஆடும் கோழியுமே. மல்லாங்கிணறு, காரியாபட்டி, ஆவியூர் பக்கத்துக் கிராமங்களில் பெண்மக்கள் பலர் பகலில் தீப்பெட்டி ஆபீசுக்கோ பட்டாசுத் தொழிற்சாலைக்கோ சென்று உழைப்பவர். ஆயினும், வீட்டுக் கொல்லையில் ஐந்தாறு சிறுவிடைக் கோழிகளேனும் இல்லாத வீடு குறைவு. முட்டை விற்ற காசு பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கும், சேவல் விற்ற காசு பண்டிகைத் துணிக்கும் ஆகின்றது. இந்தச் சிறு செல்வத்தை ஒரே வாரத்தில் வாரிக்கொண்டு போகும் நோய் கோழிக் கழிச்சல் என்பதாகும். வெள்ளைக்கழிச்சல் என்றும், ராணிக்கேத் நோய் என்றும் வழங்குவதும் இதுவே.

இந்நோய்க்கு வந்தபின் மருந்து இல்லை; வருமுன் காக்கும் தடுப்பு மருந்து உண்டு. சில காலமாகப் பெரிய பண்ணைகளில் "எண்ணெய் ஊசி" என்னும் ஒருவகைத் தடுப்பு மருந்து உபயோகப்பட்டு வருகின்றது. அது நல்லதா, கெடுதலா? அதனால் முட்டைக்கும் இறைச்சிக்கும் தீங்கு உண்டா? பத்துக் கோழி வளர்ப்பவரும் அதை வாங்க வேண்டுமா? இக்கேள்விகளை இவ்வட்டாரத்துக் குடியானவர்கள் அடிக்கடி எழுப்புகின்றனர். அவற்றுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயின் வரலாறும் குறிகளும்

1926-ஆம் வருஷத்தில் ஜாவாத் தீவிலும், இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்தருகிலும் கோழிகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. ஆங்கிலேய மருத்துவர் டாயில் என்பவர் அதனை ஆராய்ந்து ஒரு தனி நோய் என நிரூபித்தார். சிறிது காலத்துக்குள் இமயமலைச் சாரலில் ராணிக்கேத் என்னும் ஊரில் அதே நோய் தோன்றிற்று. 1928-இல் எட்வர்ட்ஸ் என்பவர் அதனை வெளியிட்டார். அதுமுதல் நம் நாட்டில் இந்நோய்க்கு அவ்வூரின் பெயரே நிலைத்துவிட்டது. இந்நோயை உண்டாக்குவது வைரஸ் என்னும் மிக நுண்ணிய கிருமி.

கிருமி உடலில் புகுந்து சாதாரணமாக ஐந்தாறு நாளில் நோய் வெளிப்படும். கோழி தீனி எடாது. சிறகைத் தொங்கவிட்டுத் தூங்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கும். வெண்மையும் பசுமையும் கலந்து கழியும். சில கோழிகளுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். கால் சிறகு வாதமடையும். முன் ஊசி போடாத கூட்டத்தில் கொடிய கிருமி புகுந்தால் தப்புவன அரிது. முட்டையிடும் கோழி தப்பினாலும் முட்டை குறையும். ஓடு மெலிந்து கோணிய முட்டைகள் காணும்.

நோயுற்ற கோழியின் எச்சிலும் எச்சமும் நோயைப் பரப்புவன. ஒருவர் வீட்டில் நோய் கண்டவுடன், மீதிக் கோழிகளை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்கும் வழக்கம் உண்டு. விற்றவருக்கு அது சிறு லாபம். வாங்கிய ஊருக்கோ பெரு நஷ்டம். செத்த கோழியை ஓடையிலும் கண்மாய்க் கரையிலும் எறிவதும் அத்தகையதே. குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைத்தல் வேண்டும்.

உயிருள்ள மருந்தும் உயிரற்ற மருந்தும்

தடுப்பு மருந்துகள் இரண்டு வகைப்படும். முதல் வகையில் கிருமி உயிரோடிருக்கும். ஆனால் வலிமை குறைந்திருக்கும். இரண்டாம் வகையில் கிருமி ரசாயனப் பொருள்களால் கொல்லப்பட்டிருக்கும்.

கொடிய கிருமியைக் கருவுற்ற கோழிமுட்டையில் மீண்டும் மீண்டும் வளர்த்தால் அதன் கொடுமை தணியும் என்பதை ஐயர், டாப்ஸன் என்னும் இருவர் 1940-இல் இங்கிலாந்தில் காட்டினர். குமாவோன் மலையில் முக்தேஸ்வரத்திலிருந்த கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் நம் நாட்டுக் கிருமியையே அவ்வாறு பதப்படுத்தி, ஹாடோ, இத்னானி என்பவர்கள் 1946-இல் வெளியிட்டனர். இன்றும் நம் கிராமங்களில் எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்குச் சிறகின் கீழ்த் தோலில் போடப்படும் ஊசியில் இருப்பது அந்த முக்தேஸ்வர வித்தே. குஞ்சுகளுக்குக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டாக விடும் 'எப்' வித்தும் 'லசோட்டா' வித்தும் இதனினும் மென்மையானவை. இராணிப்பேட்டையில் 1932-இல் தொடங்கப்பட்ட அரசாங்க நிலையம் இத்தகைய மருந்துகளை நெடுங்காலமாகத் தயாரித்து வருகின்றது.

உயிருள்ள மருந்தின் குணம் யாதெனில், கிருமி உடலில் பெருகி, மெய்யான நோயைப் போன்ற பாடத்தைச் சிறு அளவில் உடலுக்குக் கற்பிக்கின்றது. சொட்டாக விடும்போது தொண்டை, மூச்சுக்குழாய் முதலிய வாயில்களிலேயே காவல் உண்டாகின்றது. சுமார் ஒரு வாரத்தில் பலன் தெரியும். விலையும் சொற்பம். குறை யாதெனில், இளங்குஞ்சுக்கு முக்தேஸ்வர ஊசி போட்டால் நோயே உண்டாகலாம். சிலவற்றுக்குக் கால் வாதம் வரலாம். முட்டையிடும் பருவத்தில் போட்டால் முட்டை குறையும். அன்றியும் குளிர் தவறினால் கிருமி இறந்து மருந்து வீணாகும்.

உயிரற்ற மருந்தில் இந்த அபாயம் இல்லை. செத்த கிருமி பெருகாது, நோய் உண்டாக்காது, ஒரு கோழியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவாது. ஆனால் செத்த கிருமியை வெறும் நீரில் கலந்து குத்தினால் உடல் அதனைச் சீக்கிரமே அகற்றிவிடும். பாடம் மனத்தில் நிலைக்காது. இக்குறையை நீக்குவதற்கே எண்ணெய் துணைக்கு அழைக்கப்பட்டது.

எண்ணெய் செய்யும் வேலை

பாலையும் வெண்ணெயையும் ஒப்பிட்டால் இதனை எளிதில் அறியலாம். பாலில் நீர் மிகுதி. கொழுப்பு நுண்துளிகளாக அதில் மிதக்கின்றது. வெண்ணெயிலோ கொழுப்பே மிகுதி. அதற்குள் நீர் நுண்துளிகளாக அடைபட்டிருக்கின்றது. எண்ணெய்த் தடுப்பு மருந்து பெரும்பாலும் வெண்ணெயைப் போன்ற அமைப்புடையது. செத்த கிருமியைக் கொண்ட நீரை, மண்ணெண்ணெய் எடுக்கும் அதே பூமியெண்ணெயிலிருந்து வடித்துச் சுத்திகரித்த வெள்ளை எண்ணெயில், இரண்டையும் பிரியாமற் பிணைக்கும் பொருளொன்றைச் சேர்த்து நன்றாகக் கடைந்தெடுப்பார்கள். வெண்மையான, சற்றுக் கெட்டியான கலவை கிடைக்கும்.

இது கோழியின் தோலடியிலோ சதையிலோ ஏறியவுடன் ஒரு சிறு சேமிப்புக் குதிர்போல் அங்கேயே தங்குகின்றது. குதிரிலிருந்து தானியம் நாளுக்கு நாள் எடுக்கப்படுவதுபோல், கிருமிப் பொருள் சிறிது சிறிதாக வெளிப்பட்டு உடலின் காவற்படையை விடாது பயிற்றுகின்றது. அன்றியும் எண்ணெய் அவ்விடத்தில் உண்டாக்கும் சிறு அழற்சி காரணமாகக் காவல் அணுக்கள் அங்கே திரள்கின்றன. இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் மிகுந்து பல மாதங்கள் நிற்பது இதனாலேயே.

இந்த யோசனை நேற்றுத் தோன்றியதன்று. 1916-இல் பிரான்சு தேசத்தில் லெ முவாஞிக், பினுவா என்னும் இருவர் மனிதருக்கான தடுப்பு மருந்தை எண்ணெயில் கலந்து பார்த்தனர். பின்னர் ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஜூலியஸ் பிராயிண்ட் என்னும் அறிஞர், 1930-களிலும் 1940-களிலும் நீரை எண்ணெயில் அடைக்கும் முறையைத் திருத்தமாக வகுத்தார். அவருடைய கலவை ஒன்றில் கொல்லப்பட்ட க்ஷயக் கிருமியும் சேர்ந்திருந்தது. அது கடுமையான புண்ணை உண்டாக்கியது. கோழிகளுக்கு இன்று வழங்கும் மருந்தில் அக்கிருமி சேர்வதில்லை. 1970-களிலிருந்து பல நாடுகளில் முட்டைக் கோழிகளுக்கு எண்ணெய் மருந்து பரவலாயிற்று. நம் மாகாணத்தில் நாமக்கல் பக்கத்து முட்டைப் பண்ணைகளில் இது பழகிய பொருள்.

நம் விருதுநகர்ச் சந்தையில் புகழ்பெற்ற நல்லெண்ணெயையும் கடலை எண்ணெயையும் இதற்கு உபயோகிக்கலாகாதா என்று ஒருவர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமே. கடலை எண்ணெயைக் கொண்டு மனிதருக்கான மருந்தொன்றை 1960-களில் அமெரிக்காவில் சோதித்ததுண்டு. உடல் ஜீரணிக்கும் எண்ணெயில் புண் குறைவு. ஆனால் அது சீக்கிரம் கரைந்துபோவதால் குதிர்போல் நின்று காக்கும் குணமும் குறையக்கூடும். ஆகையால் வீட்டு எண்ணெயில் யாரும் எதையும் கலந்து குத்த முயலவேண்டாம். அதனால் கோழிக்குச் சீழ் பிடிப்பதொன்றே பலன்.

பலன் எவ்வளவு?

எண்ணெய் மருந்தைத் தனியே ஒருமுறை போடுவதைக் காட்டிலும், முன்னரே உயிருள்ள மருந்து கொடுக்கப்பட்ட கோழிக்குப் போட்டால் பலன் பன்மடங்காகும். உழுத நிலத்தில் விதைப்பதற்கும் உழாத நிலத்தில் விதைப்பதற்கும் உள்ள வேற்றுமை அது. முட்டைப் பண்ணைகளில் வழங்கும் முறை பின்வருமாறு: ஐந்து முதல் ஏழு நாள் வயதில் கண்சொட்டு, நாலாம் வாரத்தில் லசோட்டா, எட்டு முதல் பத்து வாரத்துக்குள் முக்தேஸ்வர ஊசி, முட்டையிடத் தொடங்குமுன், அதாவது பதினாறு முதல் பதினெட்டாம் வாரத்தில், எண்ணெய் மருந்து கோழியொன்றுக்கு அரை மில்லிலிட்டர். இவ்வாறு செய்தால் முட்டையிடும் காலத்தின் பெரும்பகுதிக்கும் காவல் நீடிக்கும். தாய்க் கோழியின் எதிர்ப்புப் பொருள் முட்டையின் மஞ்சட்கரு வழியே குஞ்சுக்கும் சென்று முதல் சில வாரங்கள் காக்கும்.

பலனை ஊகத்தால் சொல்ல வேண்டியதில்லை, அளந்தறியலாம். ராணிக்கேத் வைரஸ் கோழியின் இரத்தச் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டச்செய்யும் இயல்புடையது. ஊசி போட்ட கோழியின் இரத்தநீரைச் சேர்த்தால், அதில் எதிர்ப்புப் பொருள் இருக்குமானால் அந்த ஒட்டுதல் தடைப்படும். இரத்தநீரை இருமடங்கு, நான்கு மடங்கு, எட்டு மடங்கு என்று நீரில் கலந்துகொண்டே போய், எவ்வளவு மெலிந்த நிலையிலும் தடுக்கின்றது என்று கணக்கிடுவர். ஊசி போட்ட மூன்று நான்கு வாரங்களுக்குப்பின் சில கோழிகளின் இரத்தத்தைக் கால்நடை மருத்துவர் மூலமாகச் சோதனைக்கு அனுப்பினால், பணம் வீணாயிற்றா இல்லையா என்பது தெளியும். நூற்றுக்கணக்கில் கோழி வைத்திருப்போர் இச்சோதனையை வழக்கமாகக் கொள்ளுதல் நலம்.

எனினும் இரு உண்மைகளை மறைக்கலாகாது. முதலாவது, எண்ணெய் மருந்து வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் வேண்டும். பக்கத்து ஊரில் நோய் வந்துவிட்டதென்று கேட்டபின் ஓடி வாங்கினால் காலம் கடந்துவிடும். இரண்டாவது, எந்தத் தடுப்பு மருந்தும் கோழி சாவாமலும் நோயுறாமலும் காக்குமேயன்றி, கிருமி உடலில் சிறிதும் புகாதபடி தடுப்பதில்லை. ஊசி போட்ட கோழியும் வெளித்தோற்றத்தில் சுகமாக இருந்துகொண்டே சிறிதளவு கிருமியைக் கழிக்கக்கூடும். ஆகையால் ஊசி போட்டோம் என்று சுத்தத்தைக் கைவிடுதல் கூடாது. புதிதாக வாங்கிய கோழியை இரண்டு வாரமாவது தனியே அடைத்துப் பார்த்தபின் மற்றவற்றோடு சேர்த்தல் வேண்டும்.

கோழிக்கும் உண்பவருக்கும் தீங்கு உண்டா?

ஊசி போட்ட இடத்தில் சிறு வீக்கம் உண்டாவது இயல்பு. எண்ணெய் வேலை செய்வதன் அடையாளமே அது. சில வாரங்களில் அது சுருங்கும். உள்ளே சிறு கழலையாக நெடுநாள் நிற்பதும் உண்டு. ஊசியும் கையும் அசுத்தமாயிருந்தால் சீழ்க்கட்டியாகும். தலைக்கு மிக நெருங்கிக் கழுத்தில் போட்டால் தலை வீங்கும். தொடையில் போட்டால் கோழி நொண்டும். ஆகையால் கழுத்தின் பின்புறத்தில், நடுப்பகுதிக்குக் கீழே தோலைத் தூக்கிப் பிடித்து, ஊசிமுனை உடலை நோக்கும்படி தோலடியில் போடுவதே நன்று. மார்புச் சதையிலும் போடலாம். ஆனால் ஆழமாக இறங்கி ஈரலைக் குத்தினால் கோழி அங்கேயே சாகும்.

முட்டையைப் பற்றிய அச்சத்துக்குக் காரணமில்லை. மருந்திலுள்ள கிருமி செத்தது. எண்ணெயும் குத்திய இடத்திலேயே தங்குவது. கோழியைப் பிடித்து அடக்கும் அதிர்ச்சியால் இரண்டொரு நாள் முட்டை குறையலாம். ஆதலாலேயே முட்டையிடத் தொடங்குமுன் போட்டுவிடும்படி சொல்லப்படுகின்றது. இறைச்சி விஷயம் வேறு. அறுக்கும்போது குத்திய இடத்தில் வெண்ணிற எண்ணெய்த் திட்டுக் காணக்கூடுமாதலால், அமெரிக்க நாட்டில் ஊசி போட்டு 42 நாள் கழியுமுன் அறுத்தல் கூடாதென விதித்திருக்கின்றனர். நாமும் புட்டிச் சீட்டில் கண்ட நாட்கணக்கைப் பார்த்து, அந்நாள் கழியும்வரை அறுக்காதிருப்பதே முறை. ஆறேழு வாரத்தில் விற்கும் கறிக்கோழிக்கு, நோய் மிகுந்த இடங்களில் இளம் வயதிலேயே மிகக் குறைந்த அளவில் மருந்து தரும் வழக்கம் உண்டு. அதனை மருத்துவர் சொற்படியே செய்தல் வேண்டும்.

நோயுற்ற கோழிக்கும் மெலிந்த கோழிக்கும் எந்த ஊசியும் போடலாகாது.

ஊசி போடுபவரின் விரல்

இனிச் சொல்வது யாவற்றினும் முக்கியமானது. எண்ணெய் மருந்தினால் கோழிக்கு நேரும் அபாயத்தைவிட மனிதருக்கு நேரும் அபாயம் பெரிது. கோழி துள்ளும்போது ஊசி தவறிப் பிடிப்பவரின் விரலிலோ போடுபவரின் விரலிலோ ஏறிவிடுவதுண்டு. துளி மருந்து உள்ளே போனாலும் போதும். பூமியெண்ணெய் விரலின் குறுகிய இடத்தில் அடைபட்டுக் கடும் வீக்கத்தையும் வலியையும் உண்டாக்கும். இரத்த ஓட்டம் நின்று சதை அழுகி விரலையே இழக்கும்படி நேரலாம்.

இத்தகைய விபத்து நேர்ந்தால் மஞ்சள் அப்பிக்கொண்டு மறுநாள் பார்ப்போம் என்று இருத்தல் கூடாது. குத்தின துவாரம் சிறிதென்று அலட்சியம் செய்யலாகாது. உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்க. மருந்துப் புட்டியின் சீட்டைக் கையோடு கொண்டுபோய், "இது எண்ணெய் கலந்த கோழி ஊசி" என்று டாக்டரிடம் தெளிவாகக் கூறுக. விரல் நுனியிலோ நரம்பருகிலோ ஏறியிருந்தால் சத்திர வைத்தியர் தாமதமின்றிக் கீறி எண்ணெயைக் கழுவியெடுக்க நேரும். முதலில் பார்த்துவந்த பின்னும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வலி நீடித்தால் மறுபடியும் செல்லுதல் வேண்டும். கைவிரல்களின் வேகத்தைக் கொண்டே தீக்குச்சி அடுக்கியும் திரி சுற்றியும் கூலி பெறும் நம் பகுதியினருக்கு ஒரு விரலின் மதிப்பை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இதனைத் தவிர்க்க வழிகள் உண்டு. பழக்கமுள்ளவரே ஊசி போட வேண்டும். பிடிப்பவரும் போடுபவரும் அவசரப்படலாகாது. பிடிப்பவரின் கை ஊசி செல்லும் திசையில் இருத்தல் கூடாது. மழுங்கிய ஊசி வழுக்குமாதலால் அடிக்கடி மாற்றுதல் வேண்டும். குழந்தைகளை இவ்வேலைக்கு அழைக்கவே கூடாது.

மருந்தைப் பேணும் முறை

எண்ணெய் மருந்தை 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடு குளிரில் வைத்தல் வேண்டும். ஆனால் உறையவிடலாகாது. உறைந்த மருந்தில் எண்ணெயும் நீரும் பிரிந்துவிடும். மீண்டும் குலுக்கினாலும் பழைய கலவை ஆகாது. குளிர்பெட்டியின் பனிக்கட்டி அறையில் வைத்து வீணாக்குபவர் பலர். பங்குனி, சித்திரை வெயிலில் பஸ்ஸில் வெறுங்கையோடு எடுத்து வருவதும் கெடுதலே. பனிக்கட்டியிட்ட பெட்டியில் துணி சுற்றி, பனிக்கட்டி புட்டியை நேரே தொடாதபடி கொண்டுவருதல் வேண்டும்.

உபயோகிக்குமுன் புட்டியைச் சிலமணி நேரம் வெளியே நிழலில் வைத்துக் குளிர் நீங்கச்செய்க. குளிர்ந்த மருந்து கெட்டியாயிருந்து ஊசியில் இறங்காது. கோழிக்கும் நோவு மிகும். நன்றாகக் குலுக்குக. அடியில் நீர் தனியே தெளிந்து நின்றால் அப்புட்டியைத் தள்ளிவிடுக. திறந்த புட்டியை அன்றே தீர்த்துவிடுதல் வேண்டும்.

யாருக்கு எது ஏற்றது?

எண்ணெய் மருந்து சாதாரணமாக 500 மில்லிலிட்டர் புட்டியில் வருகின்றது. அரை மில்லிலிட்டர் வீதம் அது ஆயிரம் கோழிக்கு ஆகும். பத்துக் கோழி வைத்திருக்கும் குடித்தனம் அதனை வாங்கிப் பயனில்லை. வாங்காததால் நஷ்டமும் இல்லை. அவர்களுக்கு ஏற்றது உயிருள்ள மருந்தே. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்சொட்டும், எட்டு வாரம் கடந்தபின் சிறகடி ஊசியும் போட்டுவந்தால் போதும். கோடைக்கு முன்னர், பிப்ரவரி மாதத்தில் கால்நடைத் துறையார் ஊர்தோறும் இருவார முகாம் நடத்தி இவ்வூசியைப் போடுகின்றனர். காலையில் கோழியைத் திறந்துவிடுமுன் வந்தால்தான் பிடிக்க முடியும். ஆகையால் முகாம் நாளை முன்னரே விசாரித்து, அன்று கூண்டைத் திறக்காமல் வைத்திருத்தல் வேண்டும். வேலைக்குப் போகும் பெண்கள் அண்டை வீட்டாரிடம் சொல்லி வைத்துவிட்டுப் போகலாம். இம்மருந்து ஒரு புட்டி நூறு கோழிக்கு வருவது. கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்கவேண்டியது. ஆதலால் ஒரு தெருவார் யாவரும் ஒன்றுகூடிப் போட்டுக்கொள்வதே சிக்கனம். தெருவில் ஒரு வீடு விட்டுப்போனாலும் நோய்க்கு அங்கே வாசல் திறந்திருக்கும்.

நூறு இருநூறு நாட்டுக்கோழிகளை அடைத்து வளர்ப்போர், பக்கத்தாரோடு சேர்ந்து ஒரே நாளில் எண்ணெய் மருந்தை வாங்கிப் பகிர்ந்துகொள்வது லாபமா என்பதைக் கால்நடை மருத்துவரோடு கலந்து முடிவு செய்க. ஒரு பண்ணையின் ஊசியும் ஆளும் கூடையும் மறு பண்ணைக்குச் சுத்தஞ் செய்யாமற் செல்லலாகாது என்பதை மட்டும் மறக்கவேண்டாம். அடைகோழியாகவும் முட்டைக்காகவும் நெடுநாள் வைத்திருக்கும் கோழிக்கு அது தகும். இரண்டு மாதத்தில் கறிக்கு விற்கும் கோழிக்கு அது பெரும்பாலும் வேண்டாத செலவு. ஆயிரக்கணக்கில் முட்டைக் கோழி வளர்ப்போர்க்கோ அது இன்றியமையாதது.

சுருங்கச் சொல்லின், எண்ணெய்த் தடுப்பு மருந்து பயனுள்ளது. முறைப்படி போட்டால் கோழிக்கும் உண்பவர்க்கும் தீங்கற்றது. போடுபவர் மட்டும் தம் கையைக் காத்துக்கொள்ள வேண்டும். அது உயிருள்ள மருந்துக்கு மாற்றன்று. அதன்மேல் எழுப்பும் இரண்டாம் சுவரே. எந்த மருந்தானாலும் நோய் வருமுன் போட்டாலன்றிப் பலனில்லை. ஆகவே வரும் தை மாதத்திலேயே தத்தம் கோழிகளை எண்ணி, வயதைக் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் தெரிவித்து வைப்போர் கோடையில் கூண்டு வெறுமையாகக் காண மாட்டார்கள்.